மார்கழிப் பனியும் குலைநோயும்: ஒரு நெல் வியாதியோட கதை

மார்கழிப் பனின்னா டவுன்ல இருக்கிற உங்களுக்குக் கோலம், வெண்பொங்கல், கச்சேரி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். விடிகாலைல வரப்புல நடந்தா கணுக்கால் வரைக்கும் நனையும். ஒவ்வொரு நெல்லு இலையிலயும் முத்து முத்தா பனி நிக்கும். பாக்க அழகுதான். ஆனா அந்தப் பனித்துளிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவனுக்கு அழகா இருக்காது.

இன்னிக்கு எழுதப்போறது நெல்லுக்கு வர்ற குலைநோயைப் பத்தி. இதுக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. அதுல நம்ம தஞ்சாவூர் இருக்கு, கோயமுத்தூர் இருக்கு, எங்க அப்பாவும் ஒரு ஓரத்துல இருக்கார்.

முதல்ல அப்பா கதை. எண்பதுகளின் நடுவுல, எனக்குப் பதினாறு வயசு. பத்தாவது முடிச்சிருந்தேன். அந்த வருஷம் ஆத்துல தண்ணி லேட்டா வந்தது. தாளடி நடவு தள்ளிப் போச்சு. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடிடுவாங்க, அதுக்குள்ள பயிர் தேறணும்னா குறுகிய கால ரகம்தான் போடணும்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பா ஐ.ஆர். 50 நட்டார். நல்ல சன்ன ரகம், விலையும் கிடைக்கும். உரக்கடைக்காரர் சொன்னார்னு மேலுக்கு இன்னொரு மூட்டை யூரியாவும் போட்டார். பயிர் கருகருன்னு நின்னுது. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனாங்க.

மார்கழி பிறந்து பத்து நாள்ல இலைல புள்ளி. சாதாரணப் புள்ளி இல்ல, கண்ணு மாதிரி. ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல் நிறம், ஓரத்துல பழுப்பு. அப்பா "கண்ணு பட்டுடுச்சுடா"ன்னார். புள்ளியும் கண்ணு மாதிரியே இருந்ததால நானும் நம்பினேன்.

அதுக்கப்புறம் தினம் நாலு மணிக்கே எந்திரிச்சு, வயலுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நின்னு, நீளக் கயித்தைப் பயிர் மேல இழுத்துப் பனியைத் தட்டி விட ஆரம்பிச்சார். கயித்தோட ஒரு முனை அவர் கைல, மறுமுனை என் கைல. குளிர்ல பல்லு தந்தியடிக்கும். பிரயோஜனமில்ல. கதிர் வந்ததும் கழுத்துல கருப்பு வளையம் விழுந்துது. கதிர் எல்லாம் வெள்ளையாகி, கழுத்து முறிஞ்சு தொங்குச்சு. மூணு மாவும் சாவி. வைக்கோல் கூட மாடு சரியாத் திங்கல.

என்னைப் பாலிடெக்னிக்கில சேர்க்க வெச்சிருந்த பணமும் அம்மா சங்கிலியும் அந்தக் கடனுக்குப் போச்சு. ஊருக்கு வந்த ஒரு விவசாய அலுவலர், யூரியா அதிகமானா இந்த நோய் வரும்னு பொதுவாச் சொல்லிட்டுப் போனார். நான் அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட, "நீங்க பேராசைப்பட்டு உரம் கொட்டுனதாலதான் எல்லாம் போச்சு"ன்னு சொல்லிட்டேன். அவர் பதில் பேசல. அதுக்கப்புறமும் அதைப் பத்திப் பேசவேயில்ல.

சரி, இப்ப சரித்திரத்துக்கு வர்றேன்.

இந்த நோய் புதுசு இல்ல. 1637-ல் சீனாவில் வந்த ஒரு நூலிலேயே நெல்லுக்கு வரும் காய்ச்சல் என்று இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பார்கள். இத்தாலியில் நெல் விளையுது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அங்கே இதற்கு 'புருசோனே' என்று பெயர், எரிஞ்சு போனது என்று அர்த்தம். 1890-களின் தொடக்கத்தில் கவாரா என்ற இத்தாலிய அறிஞர்தான் இதற்குக் காரணமான பூஞ்சாணத்துக்கு 'பைரிகுலேரியா ஒரைசே' என்று பெயர் வைத்தார். அதோட வித்து பேரிக்காய் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பேர்.

நம்ம நாட்டில் இந்த நோய் முதலில் பெரிசாகக் கண்ணில் பட்ட இடம் எது தெரியுமா? தஞ்சாவூர் டெல்டாதான். 1918-ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கே குலைநோய் கடுமையாகத் தாக்கியது. மெட்ராஸ் ராஜதானியில் பூஞ்சாண நோய்களுக்கான அதிகாரியாக இருந்த மெக்ரே அதை ஆராய்ந்து எழுதினார்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. டவுன்லேருந்து வர்ற நண்பர்கள் நிறையப் பேர், "அந்தக் காலத்து நெல்லுக்கு நோயே வராது, எல்லாம் பசுமைப் புரட்சி பண்ணின வேலை"ன்னு சொல்றாங்க. 1918-ல் இங்கே யூரியா ஏது, ஐ.ஆர். ரகம் ஏது? அன்னிக்கு நின்னதெல்லாம் நம்ம நாட்டு நெல்லுதான். கொரங்குச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்த ஆடுதுறை 10 என்ற ரகம் குலைநோய்க்குச் சுலபமா மாட்டிக்கும்.

அதே சமயம் மருந்தும் நாட்டு நெல்லிலேயேதான் இருந்தது. 1912-ல் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அங்கே ஆனைக்கொம்பன் நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 என்ற ரகம் குலைநோயைத் தாங்கி நின்றது. அங்கே வேலை பார்த்த கே. ராமையா 1930-களில் இதைக் கவனித்து, நோய் தாங்கும் கோ 4-ஐயும் நோய்க்கு மாட்டும் ஆடுதுறை 10-ஐயும் ஒட்டுச் சேர்க்கும் வேலையை நடத்தினார். அந்த ஒட்டில் வந்ததுதான் கோ 25. பேரன் பேத்தி எடுத்த விவசாயிகளைக் கேட்டுப் பாருங்க, கோ 25 ஞாபகம் இருக்கும். இந்த ராமையாதான் பிறகு, 1946-ல் கட்டாக்கில் ஆரம்பித்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநர்.

நோயைத் தாங்குற குணம் அப்பன் ஆத்தாகிட்டேருந்து பிள்ளைக்கு வர்ற மாதிரி பரம்பரையா வருதுன்னு முதலில் கண்டுபிடிச்சது கோதுமையில். 1905-ல் இங்கிலாந்தில் பிஃபன் என்பவர் மஞ்சள் துரு நோயை வெச்சு அதைக் காட்டினார். அதனால நல்ல ரகத்தோட ஒட்டுப் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. ஆனா ஒரு சங்கடம். புது ரகம் வரும், நாலஞ்சு வருஷம் நோயே இல்லாம நிக்கும், திடீர்னு ஒரு வருஷம் மடமடன்னு சாயும். ஏன்?

அதுக்குப் பதில் சொன்னவர் அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில் இருந்த ஹரால்ட் ஃபிளோர். 1940-களில் ஆளிவிதைப் பயிரையும் அதுக்கு வர்ற துரு நோயையும் சேர்த்து வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். மத்தவங்க எல்லாம் பயிரோட பரம்பரையை மட்டும் பாத்தாங்க, இவர் பூஞ்சாணத்தோட பரம்பரையையும் பாத்தார். பயிர்ல இருக்கிற ஒவ்வொரு காவல் மரபணுவுக்கும் எதிரா, பூஞ்சாணத்துல ஒரு மரபணு இருக்குன்னு கண்டுபிடிச்சார்.

எனக்கு இது விளங்கினது எங்க ஊர் தலையாரியை வெச்சுத்தான். ஒரு தலையாரிக்குச் சிவப்புத் துண்டு கட்டின திருடனை மட்டும்தான் அடையாளம் தெரியும்னு வெச்சுக்குங்க. சிவப்புத் துண்டோட வந்தா உடனே பிடிச்சுடுவான். ஒருநாள் திருடன் துண்டை வீட்லயே விட்டுட்டு வர்றான். தலையாரி சும்மா இருப்பான். ஊர் பூரா அதே தலையாரிதான்னா, அன்னிக்கு ராத்திரி ஊர் பூரா கொள்ளை. நெல்லுல காவல் மரபணுதான் தலையாரி. பூஞ்சாணம் ஒரு மரபணுவைத் தொலைக்கிறதுதான் துண்டை அவுக்கிறது. குலைநோய்ப் பூஞ்சாணத்துல இப்படிப்பட்ட அடையாள மரபணு சிலது சரத்தோட நுனியிலேயே இருக்காம். நுனிலேருந்து உதிர்றது சுலபம். ஒரு புள்ளியிலேருந்து ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல வித்து கிளம்புறப்போ, அதுல ஒண்ணாவது துண்டில்லாம கிளம்பாதா?

தென் கொரியாவில் இதுதான் நடந்தது. எழுபதுகளின் ஆரம்பத்தில் 'தொங்கில்' என்ற ரகம் வந்து நாட்டின் நெல் பஞ்சத்தையே தீர்த்தது. அரசாங்கமே ஊக்கப்படுத்தி எங்கே பார்த்தாலும் அதையே நட வைத்தது. 1978-ல் குலைநோய் பெரிய அளவில் வந்து அந்த ரகத்தை அடித்துப் போட்டது.

இப்ப நம்ம கோயமுத்தூருக்கு மறுபடி வர்றேன். எங்க பொண்ணு பி.எஸ்சி. அக்ரி படிச்சுது. லீவுல வந்தப்போ ஒருநாள், "அப்பா, உங்களுக்கு கோ 39 தெரியுமா?"ன்னு கேட்டுது. பழைய குறுகிய கால ரகம், பேரு கேள்விப்பட்டிருக்கேன்னேன். "அது உலகம் பூரா பேமஸுப்பா"ன்னு சொல்லிச் சிரிச்சுது. எதுக்குப் பேமஸ்னா, குலைநோய்க்கு எதிரா காவலே இல்லாத நெல்லுன்னு!

பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஒரு ரகத்துக்குள்ள நாலு தலையாரி இருந்தா, எவன் திருடனைப் பிடிச்சான்னு தெரியாது. அதனால காவலே இல்லாத ஒரு வீடு வேணும், அதுல ஒரு சமயம் ஒரு தலையாரியை மட்டும் நிறுத்திப் பாக்கணும். அதுக்கு கோ 39-ஐ எடுத்தாங்க. வியட்நாமின் டெடெப், சீனா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா நெல்லு ரகங்கள்லேருந்து காவல் மரபணுவை ஒவ்வொண்ணா எடுத்து, திரும்பத் திரும்ப கோ 39-ஓட ஒட்டுச் சேர்த்து, ஒரே ஒரு மரபணு மட்டும் வித்தியாசப்படுற வரிசைகளை 1990-களின் ஆரம்பத்துல உண்டாக்கினாங்க. இன்னைக்கும் ஒரு ஊர்ல இருக்கிற குலைநோய்ப் பூஞ்சாணம் எந்தத் தலையாரிக்குத் தப்பிக்கும்னு சோதிக்க அந்த மாதிரி வரிசைகளை நட்டுப் பாக்குறாங்க.

கதையில திருப்பம் இனிமேதான். அமெரிக்காவுல சில விஞ்ஞானிகள், நெல்லுக்கு வராம வேற ஒரு புல்லுக்கு மட்டும் வர்ற குலைநோய்ப் பூஞ்சாணத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணினப்போ, கோ 39 அதை எதிர்த்து நின்னுது! காவலே இல்லைன்னு நினைச்ச வீட்டுல ஒரு தலையாரி சத்தமில்லாம உக்காந்திருந்தான். 1998-ல் பூஞ்சாணத்தோட அடையாள மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க, 2002-ல் நெல்லுல அந்தக் காவல் மரபணு 11-வது குரோமோசோமில் இருக்குன்னு சொன்னாங்க. நெல்லைத் தாக்குற பூஞ்சாணங்கள் பெரும்பாலும் அந்த அடையாளத்தை எப்பவோ தொலைச்சிடுச்சு. அதனாலதான் கோ 39-ல காவல் இருந்தும் இல்லாத மாதிரி தெரிஞ்சுது.

2013-ல் அந்தத் தலையாரி எப்படிப் பிடிக்கிறான்னும் தெரிஞ்சுது. திருடன் எந்தப் பொருள் மேல கை வைப்பானோ, அதே மாதிரி ஒரு போலிப் பொருளைத் தலையாரி தன் மடியிலயே கட்டி வெச்சிருக்கான். திருடன் அதைத் தொட்டதும் மாட்டிக்கிறான். இப்ப அந்தப் போலிப் பொருளை மாத்தி வெச்சு, வேற திருடர்களையும் பிடிக்க வைக்க முடியுமான்னு பல நாட்டுல ஆராய்ச்சி ஓடுது. பிரயோஜனமில்லாத நெல்லுன்னு பேர் வாங்கின நம்ம கோயமுத்தூர் நெல்லு, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு வழி காட்டியிருக்கு.

இந்தப் பூஞ்சாணம் நெல்லுக்கு எங்கேருந்து வந்தது? 2005-ல் வந்த ஓர் ஆராய்ச்சி, பல பயிர்களிலிருந்து எடுத்த பூஞ்சாணங்களின் மரபணுவை ஒப்பிட்டு, தினையிலிருந்துதான் நெல்லுக்குத் தாவியிருக்க வேண்டும் என்றது. சீனாவில் மனுஷன் நெல்லைப் பழக்கின சமயத்தில், ஏறக்குறைய 7,000 வருஷத்துக்கு முன்னே. பக்கத்துப் பக்கத்துல தினையும் நெல்லும் போட்டிருப்பான். இன்னைக்கும் கேழ்வரகுக் கதிரில் குலைநோய் பாத்திருக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. தாவுறது நிக்கவும் இல்ல. 1985-ல் பிரேசிலில் கோதுமையில் குலைநோய் வந்தது. 2016-ல் அது பங்களாதேஷுக்கு வந்துடுச்சு.

அதே 2005-ல்தான் இந்தப் பூஞ்சாணத்தோட முழு மரபணு வரிசையும் வெளியாச்சு, சுமார் 11,000 மரபணு. நெல்லோட முழு வரிசையும் அதே வருஷம்தான். பல நாடுகள் பங்கு போட்டுப் படிச்சதில் இந்தியாவுக்கு வந்த பங்கு 11-வது குரோமோசோமில். டெல்லி விஞ்ஞானிகள் டெடெப் நெல்லிலிருந்த ஒரு காவல் மரபணுவைப் பிரித்தெடுத்ததும் அந்தக் காலத்தில்தான். இப்போது அதற்கு பி.ஐ. 54 என்று பேர். 2021-ல் வந்த பூசா பாஸ்மதி 1847, 1885, 1886 ரகங்களில் இதையும் பி.ஐ. 2 என்ற இன்னொன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ரெண்டு தலையாரியை ஒரே வீட்டில் நிறுத்துற யோசனை. திருடன் ஒரே சமயத்துல ரெண்டு துண்டையும் அவுக்கணும்ல.

சரி, பனித்துளிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்னேனே. காத்துல வர்ற வித்து ஈரமான இலைல ஒட்டிக்கும். ஈரம் பல மணி நேரம் நின்னா முளைக்கும். முளையோட நுனி ஒரு குமிழா உப்பும். குமிழைச் சுத்திக் கருப்பா ஒரு பூச்சு. அதுக்குள்ள அழுத்தம் ஏறும், ஏறும், நம்மைச் சுத்தி இருக்கிற காத்தழுத்தத்தைப் போல 80 மடங்கு வரைக்கும். உங்க கார் டயர்ல இருக்கிறதை விட முப்பது மடங்குக்கு மேல! அந்த அழுத்தத்துல ஓர் ஊசி மாதிரி இலையைக் குத்திக்கிட்டு உள்ளே போயிடும். நாங்க அடிக்கிற டிரைசைக்ளசோல் மருந்து அந்தக் கருப்புப் பூச்சு உண்டாகாம தடுக்குது. பூச்சு இல்லேன்னா அழுத்தம் ஏறாது, குத்த முடியாது. அந்த மருந்துக்குத்தான் 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பைக் குறைத்தது. பாஸ்மதிக்காரர்கள் அலறினார்கள். காவல் மரபணு வெச்ச பாஸ்மதிக்கு அவ்வளவு அவசரம் வந்ததில் இதுக்கும் பங்கு உண்டு.

யூரியாவோட பங்கும் பொய்யில்ல. தழைச்சத்து அதிகமானா இலை மெத்துன்னு ஆகும், பயிர் நெருக்கமாகும், ஈரம் காயாது. பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். ஆனா ஐ.ஆர். 50 இருக்கே, அது குலைநோய்க்குச் சட்டுனு மாட்டுற ரகம். சோதனை வயல்கள்ல நோய் வருதான்னு பாக்கிறதுக்கே அதை நடுறாங்கன்னு பொண்ணு சொல்லிச்சு. அந்த ரகத்தை மார்கழிக் குளிருக்கு நேரா நட வெச்சது லேட்டா வந்த தண்ணி. கடைசில ஒரு மூட்டை யூரியா. இந்த மூணுல அப்பா கைல இருந்தது ஒண்ணுதான். அதையும் கடைக்காரர் சொல்லித்தான் போட்டார். நான் முழுப் பழியையும் அவர் தலைல வெச்சேன்.

இந்தத் தாளடிக்கு நான் ஒரே ரகமா நடல. மூணு வயல், மூணு ரகம். சீனாவுல யுன்னான்ல 1998-லயும் 1999-லயும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர்ல, நோய்க்கு மாட்டுற பசையரிசி நெல்லையும் தாங்குற நெல்லையும் வரிசை மாத்தி நட்டாங்க. பசையரிசி நெல்லுல குலைநோய் 94 சதவீதம் குறைஞ்சது. அந்த அளவுக்கு என்னால முடியாது, அறுப்பு மிஷின் வேற மாதிரி கேக்கும். ஆனா ஒரே தலையாரியை நம்புறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்தேன். யூரியாவைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன், பனி இறங்கினதும் நிறுத்திட்டேன். ரெண்டாவது வயல்ல போன வாரம் கண்ணு கண்ணா புள்ளி தெரிஞ்சுது. அங்க மட்டும் மருந்து அடிச்சேன். அடிக்கவே இல்லைன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். மத்த ரெண்டும் இதுவரைக்கும் சுத்தம். கதிர் வெளிய வந்து கழுத்து தாண்டினாத்தான் நிஜமாத் தெரியும்.

நேத்து விடியக்காலைல வரப்புல நிக்கிறப்போ அந்தக் கயிறு ஞாபகம் வந்துது. அப்பா செஞ்சது வேலைக்கு ஆகல. நாலு மணிக்கெல்லாம் வித்து முளைச்சு உள்ளே இறங்கிட்டிருக்கும், கயிறு இழுக்கறது புள்ளிலேருந்து புதுசா வித்தைக் கிளப்பிக்கூட விட்டிருக்கும். ஆனா பூஞ்சாணம்ங்கற பேரைக்கூடக் கேள்விப்படாத மனுஷன், தன் பயிரைக் கொல்றது அந்தப் பனிதான்னு பார்த்த மாத்திரத்துல கண்டுபிடிச்சிருந்தார். அதை நான் அவர் இருக்கும்போது அவர்கிட்ட சொல்லல. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு.